வராதவர்கள் எம்.சி. காட்டவும்

எங்கள் குடும்பத்தில் வேலைநிறுத்தம் செய்த ஒரே ஆள் நான்தான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், இன்றைக்குச் சமைக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். என் கணவர் ஒலி முகம்மது பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. கீழே கடைக்குப் போய், கறி வைத்து மடித்த முர்தபா ரொட்டி வாங்கி வந்து, வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வரும்படி பிரித்து வைத்தார். அரை மணி நேரத்தில் போராட்டம் வாபஸ்.

ஆகவே, இந்தியா முழுக்கத் தொழிற்சங்கங்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கின்றன, நாகூருக்கு வெளியே இருக்கும் நம் தையல் யூனிட்டும் அன்று ஓடாது என்று சேதி வந்தபோது, சிங்கப்பூரில், மார்சிலிங் வீட்டில் எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று முதலாளிகளுக்கும் சேர்த்து இருந்த அனுபவம் அந்த முர்தபா ஒன்றுதான்.

மூன்று முதலாளிகளில் நானும் ஒருத்தி. காகிதத்தில் நான் டைரக்டர். நடைமுறையில், கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போடுகிறவள். கிளினிக் நர்ஸ்களுக்கு யூனிஃபார்ம் தைத்துத் தருவது எங்கள் தொழில். துணி அங்கே தைக்கப்படும். டன்லப் ஸ்திரீட் சந்தில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்து, இங்கிருந்து கிளினிக்குகளுக்குப் போகும். மகன் இம்ரான் பொறுப்பெடுத்து இன்னும் ஒரு வருஷம் முழுதாக ஆகவில்லை. அவன் செய்த முதல் வேலை, யூனிட்டில் கேமரா மாட்டியது. இப்போது நாங்கள் டன்லப் ஸ்திரீட்டில் உட்கார்ந்துகொண்டே, கடைப் பின்கட்டுத் திரையில் நாகூர் தையல் மெஷின்களைப் பார்க்கலாம். சத்தம் மட்டும் வராது. அவர்கள் நம்மை என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமல் இருப்பது நல்லதுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வேலைநிறுத்த விஷயத்தில் என் கணவரின் யோசனை சுருக்கமானது. அன்றைக்கு லீவு விட்டுவிடலாம், சங்கச் செயலாளர் மரியம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னால் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துக் கொடுப்பார்கள் என்றார். மரியம்மாள் யூனிட் திறந்த நாளிலிருந்து இருப்பவள். நோன்புப் பெருநாளுக்கு அவள் எனக்குப் போனில் பேசுவாள், கிறிஸ்துமஸுக்கு நான் அவளுக்குப் பேசுவேன்.

இம்ரான் ஒத்துக்கொள்ளவில்லை. 'நாடு தழுவிய வேலைநிறுத்தத்தை முதலாளிகள் எதிர்கொள்வது எப்படி' என்று ஆன்லைனில் ஒரு வகுப்பு நடந்ததாம். மேலே கோட்டும் கீழே கைலியுமாக உட்கார்ந்து முழுசாகக் கேட்டிருக்கிறான். மிரட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது, விதியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்; இதுதான் சாரம். அவன் எழுதிய விதியும் தெளிவாகத்தான் இருந்தது. யூனிட் வழக்கம்போல் திறந்திருக்கும். வராதவர்கள் எம்.சி. காட்ட வேண்டும். எம்.சி. இல்லாவிட்டால் ஒரு வார்னிங். இரண்டு வார்னிங் சேர்ந்தால் வேலை கிடையாது.

டாக்டர் கொடுக்கும் அந்த மெடிக்கல் சர்டிஃபிகேட், எம்.சி., சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைக்குச் சோறு மாதிரி. மூக்கு ஒழுகினால் லிஃப்டில் இறங்க வேண்டியது, அடுக்குமாடி புளோக்குக்கு அடியிலேயே கிளினிக், பசியாறி முடிப்பதற்குள் எம்.சி. கையில். உலகம் முழுக்க அப்படித்தான் என்று அவன் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"நிஜமாவே உடம்பு முடியாதவங்க பாவம் இல்லையா உம்மா? அவங்களுக்காகத்தான் எம்.சி. வெச்சேன், லா," என்றான்.

பிள்ளைக்கு நல்ல மனசு என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே தலையாட்டினேன். அப்பாவுக்கு ஒரு ஓட்டு, மகனுக்கு இரண்டு. யூனிட் ஆட்களின் வாட்ஸப் குழுவுக்கு என் பெயர் போட்டு, டைரக்டர் என்ற பட்டத்தோடு விதி போய்ச் சேர்ந்தது.

வேலைநிறுத்த நாள் காலையில் சுந்தரம் வழக்கம்போல் வந்தான். எங்கள் வேனை ஓட்டுகிறவன் அவன்தான். தங்குவது கிராஞ்சியில், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில். உட்லண்ட்ஸ் வரை யாருடைய லாரியிலாவது வந்து, அங்கிருந்து எங்கள் புளோக்குக்கு நடந்து வருவான். என்னைக் கடையில் இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. அவன் மனைவி பாக்கியலட்சுமி நம் யூனிட்டிலேயே காஜா மெஷினில் உட்காருகிறவள். பட்டன் போடும் ஓட்டை ஒவ்வொன்றும் அவள் கை பட்டுத்தான் இங்கே வருகிறது. மனைவி தைத்ததைப் புருஷன் ஏற்றி இறக்குகிறான். இருவரும் ஒரே கம்பெனி, நடுவில் கடல் மட்டும்தான் என்று அவனைக் கிண்டல் செய்வேன். சிரிப்பான்.

அன்றைக்கு விரைவுச்சாலையில் போகும்போது அவனாகவே பேச்செடுத்தான். ராத்திரி அவளுக்கு அடிவயிற்றில் வலியாம், காய்ச்சலும் இருக்கிறதாம். போனில் சரியாகப் பேசவில்லையாம்.

"நல்லவேளைம்மா, இன்னைக்கு அங்க ஸ்டிரைக். இல்லைன்னா அந்த வலியோட கெளம்பிப் போவா. நல்லா படுத்துக் கெடக்கட்டும்."

குழுவில் போன விதி அவனுக்குத் தெரியாது. அது யூனிட் ஆட்களுக்கு மட்டுமான குழு.

படுத்துத்தான் இருப்பாள், வலியோடு யார் கிளம்புவார்கள், அதுதான் எம்.சி. இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாய் விட்டு ஒன்றும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக் வைத்திருக்கிற வாய், அன்றைக்கு ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னை இறக்கிவிட்டு, உட்லண்ட்ஸ் கிளினிக்குக்கான பெட்டிகளோடு அவன் திரும்பிப் போனான்.

கடையில் அப்பாவும் மகனும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் அர்ஃபான் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவரும் வராததால் பசியாற வீட்டுக்குப் போயிருந்தான். மெஷின்கள் உறை போட்டபடி வரிசையாக இருந்தன. என் கணவர் முகத்தில் ஒரு திருப்தி. நான் சொன்னேனே என்று சொல்லாமல் சொல்லும் திருப்தி. நாற்பது வருஷமாக எனக்குப் பழக்கம்.

அப்போது வாசலில் ஒரு பெண் தெரிந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கிவிட்டு உள்ளே வந்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை. கையில் இருந்த ஊதா நிறப் பையை எனக்குத் தெரியும். சுந்தரம் போன தடவை ஊருக்குப் போனபோது நான் கொடுத்தனுப்பியது.

"பாத்தீங்களா வாப்பா? ரூல்னு ஒண்ணு இருந்தா வருவாங்க," என்றான் இம்ரான். அந்தப் படத்தைக் குழுவில் போட்டு அவளைப் பாராட்ட வேண்டும் என்று போனை எடுத்தான்.

அவளுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் போகச் சொல் என்றேன். உடம்பு சரியில்லை என்றால் எம்.சி. எடுத்திருக்கலாமே, எதற்கு வந்தாள் என்று அவன் கேட்டான். வேண்டுமென்று கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவன் அப்பாதான் பதில் சொன்னார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பஸ் ஓடாது. ஆட்டோ ஓடாது. ஆஸ்பத்திரி நாகப்பட்டினத்துல. யூனிட்டு அவ வீட்டுலேந்து நடந்து வர்ற தூரம். நீயே கணக்குப் பாரு."

இம்ரான் போனைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக, அவளுக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் இருக்கிறது என்றான். சுந்தரம் லீவில் போயிருந்தபோது சேர்ந்தாற்போல் சில நாள் வராமல் இருந்துவிட்டாளாம். புருஷன் ஊருக்கு வந்திருக்கிறான் என்று எந்த டாக்டர் எம்.சி. கொடுப்பார்?

அவள் உறையை எடுத்து மடித்து வைத்தாள். உட்கார்ந்தாள். காஜா தைக்க ஆரம்பித்தாள். யாருமே இல்லாத யூனிட்டில், யாரோ ஒரு நர்ஸின் சட்டைக்கு.

பாக்கியலட்சுமியின் நம்பர் எங்களிடம் இல்லை. அர்ஃபானுக்கு அடித்தால் போன் அணைந்து கிடந்தது. சுந்தரத்திடம் கேட்கலாம். கேட்டால் எதற்கு என்று கேட்பான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் தேடிக்கொண்டு நின்றேன்.

திரையில் அவள் மெஷின் மேல் தலை சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்றான் இம்ரான். தூங்கினால் தேவலையே என்று நானும் பார்த்தேன். பிறகு அந்தத் தலை, துணி நழுவுவதுபோல் மெல்ல நழுவியது. ஸ்டூல் சாய்ந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு மெஷின்களுக்கு நடுவில் அவள் பாதமும் ஊதாப் பையும் மட்டும் தெரிந்தன.

நான் திரையைத் தட்டினேன். ஜன்னலைத் தட்டுவதுபோல.

அதற்குப் பிறகு நான் தேடியது ஒரே ஒரு நம்பர். மரியம்மாள் உடனே எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"பரீதாக்கா, நாங்க ஒண்ணும் உங்க யூனிட்டு வாசல்ல இல்ல. ரயில் மறிச்சோம், பிடிச்சுக் கொண்டாந்து கல்யாண மண்டபத்துல உக்கார வெச்சிருக்காங்க. சாயங்காலம்தான் விடுவாங்க. அது வரைக்கும் வார்னிங் வேணா எழுதி வைங்க."

"மரியம், பாக்கியலட்சுமி யூனிட்டுல விழுந்து கெடக்கா. பக்கத்துல யாருமில்ல. நாங்க இங்கேந்து பாத்துக்கிட்டு இருக்கோம்."

எதிர்ப்பக்கம் கூச்சல் அப்படியே இருந்தது. அவள் குரல் மட்டும் இல்லை. பிறகு, "அவ எப்படி அங்க போனா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டாள்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, காவலுக்கு நின்ற பெண் போலீசிடம் அவள் என்ன பேசினாளோ தெரியாது. நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். என் கணவர் உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். இம்ரான் ஆம்புலன்ஸ் எங்கே வருகிறது என்று யார் யாருக்கோ ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்தான். பாதம் அசையவில்லை. கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றுமே நடக்காததையும் விடாமல் காட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியில் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. காலையில் யாரைப் பிடித்துப் போனார்களோ அவளையே அதில் கொண்டுவந்து இறக்கினார்கள். மரியம்மாள் ஓடி வந்தாள். அறுபதை நெருங்கும் பெண் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. குனிந்து, பாக்கியலட்சுமியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தரையைப் பார்த்தாள். உடனே பக்கத்தில் குவிந்திருந்த யூனிஃபார்ம் துணிகளை இழுத்து, அவள் இடுப்புக்குக் கீழே சுற்றினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆண்கள் இருவருக்கும் இன்னும் புரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப் போன கொஞ்ச நேரத்தில் சுந்தரம் கடைப் பின்வாசலுக்கு வந்தான். தள்ளுவண்டியில் ஊரிலிருந்து வந்த புதிய பெட்டிகள். இம்ரான் பாய்ந்து திரையை அணைத்தான். உன் மனைவிக்கு மயக்கம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், மரியம்மாள் கூட இருக்கிறாள் என்று என் கணவர் சொன்னார். சுந்தரம் கேட்டுக்கொண்டான். வீட்டில் விழுந்தாளா என்று கேட்டான். இம்ரான் பெட்டிகளை எண்ணத் தொடங்கினான்.

மரியம்மாள் கூப்பிட்டபோது நான் முன்கட்டுக்குப் போய்ப் பேசினேன். உயிருக்குப் பயமில்லை என்றாள். ரத்தம் ஏற்றுகிறார்களாம். குழந்தை தங்கவில்லை.

"ரெண்டு மாசமாம்க்கா. யாருகிட்டயும் சொல்லல. உறுதியானதும் புருஷன்கிட்ட மொதல்ல சொல்லணும்னு இருந்திருக்கா."

தெருவில் யாரோ பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க. நாளைக்கும் யாரும் வரமாட்டாங்க. நாளன்னைக்கும்தான். இன்னைக்கு செஞ்சது நாட்டுக்காக. நாளைலேந்து உங்களுக்காக." கோபமாகச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பேசுகிற அதே குரல்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

சுந்தரத்திடம் யார் சொல்வது? டைரக்டர்தான் சொல்ல வேண்டும்.

அவனைப் பின்கட்டில் ஒரு பெட்டி மேல் உட்கார வைத்து, நான் இன்னொன்றில் உட்கார்ந்து சொன்னேன். குழந்தை இருந்ததையும் இல்லாமல் போனதையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டிவந்தவன் அவன். முதலில் ஒரு கணம் முகம் மலர்ந்தது. நான் பார்த்தேன். அந்த ஒரு கணத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு, "அவ ஏம்மா போனா? இன்னைக்கு எல்லாருக்கும் லீவுதானே?" என்றான்.

"லீவு இல்ல சுந்தரம். வராதவங்க எம்.சி. காட்டணும்னு நாங்க மெசேஜ் போட்டிருந்தோம். என் பேருலதான் போச்சு. காலைல நீ வேன்ல சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும்."

அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவன் எழுந்தான். தள்ளுவண்டியைப் பார்த்தான்.

"இந்தப் பெட்டிய மட்டும் எறக்கி வெச்சுர்றேம்மா. வழியில கெடக்கு."

முதல் பெட்டியை அவன் தூக்கியபோது என் கணவர் வந்து அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முட்டி வலியால் கடைப்படி ஏறவே அலுத்துக்கொள்கிறவர். எல்லாப் பெட்டிகளையும் அவரே இறக்கினார். எந்த வகுப்புக்கும் போகாத மனுஷர்.

இம்ரான் மேஜைக்கு அடியில், தரையில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயசில் கண்ணாடியை உடைத்துவிட்டு இப்படித்தான் உட்காருவான். "நான் யாரையும் வரச் சொல்லல உம்மா. எம்.சி. தானே கேட்டேன்," என்றான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தடவினேன்.

சாயங்கால விமானத்தில் திருச்சிக்கு இடம் கிடைத்தது. சுந்தரத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இம்ரானைப் போடச் சொல்லியிருந்தேன். மார்சிலிங் போய் ஒரு பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன். போய் அவள் காலடியில் உட்கார வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பது போகிற வழியில் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. வாய்ப்பேச்சை வைத்தே பிழைத்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

வேனை அன்றைக்கு இம்ரான் ஓட்டுவதாக ஏற்பாடு. பின் இருக்கையில் சுந்தரம், முதல் தடவையாக. நான் பையோடு கதவருகில் போனதும் அவன் இறங்கி நின்றான். என் பையைப் பார்த்தான்.

"நீங்க வராதீங்கம்மா."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவன் கையெடுத்துக் கும்பிடுவதுபோல் நிறுத்தினான்.

"கோவத்துல சொல்லலம்மா. நீங்க வந்தா அவ எந்திரிச்சு உக்காருவா. மொதலாளியம்மா வந்திருக்காங்கன்னு. அவ படுத்துக் கெடக்கட்டும்."

வேன் சந்து முனையில் திரும்பி மறைந்தது. என் பை என் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

உள்ளே வந்தபோது என் கணவர் திரையைப் போட்டிருந்தார். யூனிட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சாய்ந்த ஸ்டூலை யாரும் நிமிர்த்தவில்லை. மெஷின் அடியில் ஊதாப் பை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரியம்மாள் உள்ளே வந்தாள், பின்னால் யூனிட்டுப் பெண்கள் எல்லாரும். அவள் பையை எடுத்துத் தூசி தட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேமராவுக்கு நேரே ஏறினாள். அவள் முகம் திரை முழுக்க வந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவளை நான் பார்த்தே வருஷக்கணக்கில் ஆகிறது. எவ்வளவு நரைத்துவிட்டாள்.

பழக்கதோஷத்தில் நான் கையைத் தூக்கி சலாம் சொன்னேன். அவளுக்குத் தெரியவா போகிறது?

அவள் ஒரு நர்ஸ் சட்டையை விரித்து எங்கள் மேல் போட்டாள். திரை முழுக்க வெள்ளையானது. நடுவில், பாதி தைத்த ஒரு காஜா மட்டும். அதன் வழியாக ஒரு துளி வெளிச்சம் தெரிந்தது. பிறகு அங்கே விளக்கை அணைத்துவிட்டார்கள்.